குஞ்சுக்கு முன்னே சோறு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடு அது. ஜன்னலோரம் நான்கு கண்ணாடித் தொட்டிகள். மீன் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டுக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது, வைக்கோல் ஊறும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை.

ஃபைட்டர் மீன் ஜோடியைச் சேர்ப்பதற்கு ஐந்து நாள் முன்பே அந்த பாட்டிலை வைத்துவிடுகிறார். குளத்துத் தண்ணீர், ஒரு பிடி வைக்கோல். அது கிடைக்காவிட்டால் கோஸ் இலை. இரண்டாம் நாள் பால்போல் கலங்கி நாறும். பாக்டீரியா பெருகும் கட்டம் அது. கெட்டுப்போயிற்று என்று அப்போதே கொட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பொறுத்திருந்தால் பாக்டீரியாவைத் தின்னும் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்கள் பெருகி, நாற்றம் அடங்கி, தண்ணீர் தெளியத் தொடங்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் தூசிகள் தாமாக நீந்தும். பட்டிழையோடு பழகிய கண்ணுக்கு அது தப்பாது.

முதல் மூன்று முறையும் குஞ்சுகள் பொரித்த சில நாட்களிலேயே அவருடைய தொட்டி காலியானது. தண்ணீரைச் சந்தேகித்தார், மருந்து ஊற்றினார். கடையில் வாங்கிய தீவனத் தூள் தொட்டி முழுக்க மிதந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில்தான் குஞ்சுகள் பட்டினியால் செத்திருந்தன. மூன்று மில்லிமீட்டர் உடம்பின் வாய்க்குள் அந்தத் தூள் நுழையவே இல்லை.

கப்பி மீன் வளர்த்துப் பழகியவர்கள் ஃபைட்டரில் தோற்பதும் இதனால்தான். கப்பி குட்டியாகவே பிறக்கும். முதல் நாளே தூளைக் கொத்தும். ஃபைட்டர் அப்படியல்ல. ஆண் நுரைக்கூடு கட்டி, விழும் முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் ஒட்டும். அந்த வேலை முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். 28 டிகிரியில் ஒன்றரை நாளில் பொரிக்கும். பிறகு இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் வால் கீழாகத் தொங்கும், வயிற்றிலுள்ள மஞ்சள் கருவை உண்டபடி. கிடையாக நீந்தத் தொடங்கும் காலையில் அப்பனையும் வெளியேற்றுகிறார். அந்தக் காலையில் பாட்டில் தயாராக இல்லையென்றால், அதன்பின் என்ன செய்தும் பயனில்லை.

சோற்றுக்கு வேறு வழி கண்ட மீனும் உண்டு. தென்னிந்திய, இலங்கைக் கழிமுகங்களில் வாழும் ஆரஞ்சு குரோமைடின் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் வழவழப்பான சளியையே கொத்தித் தின்னும். வார்ட், பார்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் இதை விரிவாக எழுதினார்கள். ஃபைட்டர் குஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்ஃபுசோரியாவில் ஐந்தாறு நாள் வளர்ந்தபின் ஆர்ட்டீமியா என்ற சிறு இறால். காற்று ஓடும் உப்புநீரில் முட்டையைப் போட்டால் சுமார் 24 மணி நேரத்தில் பொரிக்கும். உடனே கொடுத்துவிட வேண்டும். நேரம் போகப்போக அது தன் மஞ்சள் கருவைத் தானே கரைத்துச் சத்திழந்துவிடும். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பும். தினமும் லென்ஸ் வைத்து அந்த வயிற்றைத்தான் பார்க்கிறார். மிச்சம் தரையில் அழுகினால் அம்மோனியா ஏறும். ஏர் ட்யூபால் அடியை உறிஞ்சி, ஒரு நாள் வைத்துக் குளோரின் போன தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விடுகிறார்.

சென்னைக் கொளத்தூருக்குப் போனால் மற்றவர்கள் வண்ணமீன் கடைகளில் நிற்பார்கள். இவர் உயிர்த்தீவனம் விற்கும் இடத்தைத் தேடுகிறார்.

மூன்று நான்கு வாரத்தில் குஞ்சின் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் அறை உருவாகும். அதுவரை தொட்டி மூடியைத் திறந்து போடுவதில்லை. மேலே தேங்கும் காற்று தண்ணீரைப் போலவே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தறியை நிறுத்திவிட்டு அவர் குனிந்து பார்க்கும்போது ஒரு குஞ்சு மேலே வந்து, வாய் திறந்து, முதல் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகிறது.