வண்டி திடீரென அணைந்தால்

ஓடும் மோட்டார் சைக்கிளில் விளக்கு, ஹாரன், எஞ்சின் மூன்றும் ஒரே நொடியில் அணைந்தால் பலரும் பாட்டரியைத்தான் பழிப்பார்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் இளைஞர் ஒருவர் புது பாட்டரியே வாங்கிப் போட்டார், பயனில்லை. நாடி பார்க்காமல் மருந்து கொடுத்த கதைதான்! சார்ஜ் இறங்கும் பாட்டரியில் பெரும்பாலும் விளக்கு மங்கும், ஹாரன் கம்மும். சட்டென்று எல்லாம் போனால், முதலில் பாட்டரி முனைகளின் இறுக்கம், அடுத்து மெயின் பியூஸ், பிறகு சாவி சுவிட்ச் என்று பார்ப்பதே முறை.

அவருக்குப் பியூஸ் எரிந்திருந்தது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடச் சொன்னார் ஒரு நண்பர். அப்படிச் செய்தால் பியூஸுக்குப் பதில் கம்பிகளே தீப்பற்றலாம். நல்லவேளை, இவர் கேட்கவில்லை. பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டுத் தேடியபோது, ஹாண்டில் திரும்பும் இடத்தில் உறை தேய்ந்து இரும்பில் உரசிய கம்பி அகப்பட்டது. அதைச் சரிசெய்த பிறகே, பழைய அளவான 20 ஆம்பியரில் புது பியூஸ் போட்டார்.