அளந்தவர்களே பேசட்டும்

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் ஓர் ஆய்வைச் சொல்ல எட்டு நிமிடம் தருவார்கள். அதன்பின் கேள்விகள். 1993இல் தொடங்கிய இந்த மாநாட்டுக்காக 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, வாரக்கணக்கில் அளந்து, எண்ணி, வீடு வீடாகப் போய்க் கேட்டு, அறிக்கை எழுதுகிறார்கள். அத்தனை உழைப்பும் கடைசியில் அந்த எட்டு நிமிடத்துக்குள் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் இதை நெடுங்காலமாக நடத்தி வந்திருப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியையாக நான் வழிகாட்டியாகப் போயிருக்கிறேன், மதிப்பீட்டாளர் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமிருந்தும் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பேசத் தயாராகும்போதுதான் ஆய்வில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது வெளியே வருகிறது. அதனால் பேச்சுப் பயிற்சியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கக் கூடாது.

சொட்டும் குழாய்களைப் பற்றி எங்கள் பிள்ளைகள் செய்த ஆய்வையே சொல்கிறேன். சரியாக மூடாத ஒரு குழாயின் அடியில் மருந்துக்கடை அளவுக் குவளையை வைத்துப் பத்து நிமிடம் பிடித்தார்கள். 30 மில்லிலிட்டர். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 180, ஒரு நாளுக்கு 4,320. அதாவது ஒரே குழாயில் தினம் நாலு லிட்டருக்கு மேல் வீண். அதை ஊரில் எண்ணி வைத்திருந்த தெருக்குழாய்களின் எண்ணிக்கையால் பெருக்கினார்கள். பெரிய எண் வந்தது. அதைச் சிவப்பு மையில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

அறிக்கையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, சத்துணவுக் கூடத்து ஆயாம்மாவிடம் போய் இதைச் சொல்லச் சொன்னேன். எந்த ஆய்வானாலும் முதல் ஒத்திகை எங்கள் பள்ளியில் அவர் முன்னால்தான். அவர் அரிசி களைந்துகொண்டே முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “ஏன் கண்ணு, நம்ம தெருக்குழாயில காலையில ரெண்டு மணி நேரந்தானே தண்ணி விடுறான்? நாள் முழுக்க எப்படிச் சொட்டும்?” என்றார்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 360 மில்லிலிட்டர்தான். சிவப்பு எண் போனது. ஆனால் ஆய்வு போகவில்லை. மறுநாள் அவர்களே ஒன்றைக் கண்டுபிடித்து வந்தார்கள்: மேல்நிலைத் தொட்டியோடு இணைந்த குழாய் இராப் பகலாகச் சொட்டுகிறது. எங்கள் பள்ளிக் கழிப்பறைக் குழாய் அப்படி, வீடுகளில் மாடித் தொட்டி வைத்தவர்களின் குழாயும் அப்படி. நாலு லிட்டர் கணக்கு அங்கேதான் பொருந்தும். முதலில் கவனிக்க வேண்டியது தெருவை அல்ல, தொட்டி வைத்த கட்டடங்களை என்று ஆய்வின் முடிவே திரும்பிவிட்டது. அந்தக் கேள்வி மேடையில் வந்திருந்தால் அதற்குப் பிறகு ஒன்றும் செய்திருக்க முடியாது. சத்துணவுக் கூடத்தில் வந்ததால் திருத்த நேரம் இருந்தது.

எட்டு நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அடுத்த வேலை. பிள்ளைகள் எதையும் விட மனம் வராமல் வேகமாகப் பேசி எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பார்கள். தண்ணீரின் முக்கியத்துவத்துக்கு இரண்டு நிமிடம், உலகில் நன்னீர் எவ்வளவு என்பதற்கு ஒரு நிமிடம், வணக்கத்துக்கும் அவையோர் பட்டியலுக்கும் முக்கால் நிமிடம். அவர்கள் அளந்ததைச் சொல்ல வரும்போது மணி அடித்துவிடும். நான் இதற்கு வைத்திருக்கும் வழி எளிது. எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத, நம் பதிவேட்டில் மட்டும் இருக்கிற செய்திக்கு முதலிடம். புத்தகத்தில் கிடைப்பது இரண்டு வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் குழாயை இந்த நேரத்தில் நாங்கள் அளந்தோம் என்பதை உலகத்தில் வேறு யாராலும் சொல்ல முடியாது. கேட்பவர்கள் வந்திருப்பது அதற்காகத்தான்.

ஆகவே பேச்சை எழுத உட்காரும்போது மேசை மேல் இருக்க வேண்டியது களப் பதிவேடு. அறிக்கை பக்கத்து அறையில் இருக்கட்டும். பதிவேட்டில்தான் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, “மழை, அளக்கவில்லை” என்ற குறிப்பு இருக்கிறது, அடித்துத் திருத்திய எண் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று விஷயம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்: எதைக் கொண்டு அளந்தோம், எத்தனை முறை அளந்தோம், ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது. சொட்டை எண்ணாமல் ஏன் குவளையில் பிடித்தீர்கள் என்று கேட்டால், ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்பது பொதுக் கணக்கு, குழாயின் வாய்க்கு ஏற்ப சொட்டின் அளவு மாறும், அதனால் பிடித்து அளப்பதே சரி என்று தயங்காமல் சொல்ல வேண்டும். வெறும் சராசரியை மட்டும் சொல்லும் பிள்ளையைவிட, “குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு” என்று சேர்த்துச் சொல்லும் பிள்ளையை நான் அதிகம் நம்புவேன்.

சார்ட்டுகள் விஷயத்தில் ஆசிரியர்களோடு எனக்கு நிரந்தரச் சண்டை உண்டு. ஜிகினா ஒட்டி, பூவேலை ஓரம் வைத்து, அறிக்கையின் பத்திகளை அப்படியே பொடி எழுத்தில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். இரவெல்லாம் விழித்து எழுதிய அந்த அழகான கையெழுத்தை மூன்றாவது வரிசையிலிருந்து யாராலும் படிக்க முடியாது. நாங்கள் சார்ட்டை வகுப்பறைப் பலகையில் மாட்டி, கடைசி பெஞ்சில் ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையை உட்கார்த்திப் படிக்கச் சொல்வோம். அந்தப் பிள்ளை திக்கினால் சார்ட் மறுபடியும் எழுதப்படும். ஒரு சார்ட்டில் ஒரு செய்தி போதும். தலைப்பில் “அட்டவணை 2” என்று எழுதுவதற்குப் பதில், “தொட்டிக் குழாயே அதிகம் வீணாக்குகிறது” என்று முடிவையே எழுதலாம். வரைபடத்தைக் காட்டும்போது படுக்கைக் கோட்டில் என்ன, நிற்கும் கோட்டில் என்ன என்று முதலில் சொல்லி, கேட்பவர் கண் அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு விட்டு, அப்புறம் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். அவையோர் படத்தைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த சார்ட் வந்துவிடுகிறது.

மனப்பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளையை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கண் கூரையில் இருக்கும். “ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, தரவுகள் சேகரிக்கப்பட்டன” என்று வரும், யார் செய்தார்கள் என்றே தெரியாது. நடுவில் ஒரு சொல் மறந்தால் வணக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஏற்படும் பயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது. எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். இடையில் உள்ளது அவர்கள் பேச்சு. “நாங்க போனோம், பார்த்தோம், அளந்தோம்” என்று வரட்டும். மாவட்ட மேடையிலும் மாநில மேடையிலும் தமிழிலேயே பேசலாம் என்பது பெரிய வசதி. அதை மேடைத் தமிழால் நாமே பறித்துக்கொள்ள வேண்டாம். ஒத்திகையில் பாதியில் நிறுத்தி, “மூணாவது சார்ட்டிலிருந்து சொல்லும்மா” என்பேன். சொல்ல முடிந்தால் பிள்ளை தயார். குழுவில் எல்லோருமே முழுப் பேச்சையும் பழகுவார்கள். யார் மேடையேறுவது என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்வோம். அதனால் அளந்த கை எதுவும் பேச்சுக்கு வெளியே நிற்பதில்லை.

கேள்வி நேரத்துக்குப் பிள்ளைகள் ஒரே ஒரு துணிச்சலைக் கற்றுக்கொண்டால் போதும்: “அதை நாங்க அளக்கலைங்க ஐயா. அளக்கணும்னா இப்படிச் செய்வோம்” என்று சொல்லும் துணிச்சல். தெரியாததைத் தெரிந்ததுபோல் பூசி மெழுகும் பதிலைக் கேட்டு எந்த நல்ல மதிப்பீட்டாளரும் ஏமாந்ததில்லை. அளக்காததை அளக்கவில்லை என்று சொல்வதற்கும், அடுத்த வழியைக் காட்டுவதற்கும் முழு மதிப்பெண் கொடுக்கத் தயங்காதவள் நான்.

தவறு கேட்பவர் பக்கத்தில் நேர்ந்த கதையும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்து போன சுப்பிரமணியன் சந்திரசேகர், 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் தம் ஆய்வைச் சொன்னார். அப்போது வயது 24. வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பது அவர் கணக்கு. அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளர், அதை எல்லோர் முன்னாலும் கேலி செய்து ஒதுக்கினார். கணக்கு சரிதான். சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற அந்த வரம்பு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட, மாநாட்டுக்கு முந்தைய மதிப்பீட்டாளர் கூட்டத்தில் சொல்வதையே நான் விரும்புகிறேன். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் கடமை இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பாடப்புத்தக வரையறையைக் கேட்டு மடக்குவதில் யாருக்கும் பயனில்லை.

இந்த ஆண்டு மதிப்பீட்டாளராகப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் முதல் கேள்வி “எப்படி அளந்தீங்க?” என்பதாக இருக்கட்டும். அதற்குப் பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். வழிகாட்டி ஆசிரியர்களே, பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பதிவேட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.