இரண்டு நாள், 60 நிமிடம்

வெள்ளி, மாலை

கழக மட்டத்து ஹொக்கி ஆட்டம் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கான வேலை வெள்ளி மாலையே தொடங்குகிறது. முதல் வேலை கோடு போடுவது. ஹொக்கித் திடலின் நீளம் 91.40 மீற்றர், அகலம் 55 மீற்றர். முழு அளவு உதைபந்தாட்டத் திடல் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. ஆகவே முழு அளவு உதைபந்தாட்டத் திடல் உள்ள ஊர் எதிலும் ஹொக்கிக்கு இடம் உண்டு; உதைபந்தாட்டக் கோடுகளுக்கு உள்ளேயே அது அடங்கிவிடும்.

இந்தக் கணக்கு முள்ளியவளைக்கு நன்றாகப் பொருந்தும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியை ஒட்டிய இந்த ஊரில் வார இறுதி மைதானம் முதலில் உதைபந்தாட்டக்காரருக்கு உரியது. ஹொக்கி ஆட வருபவர்களும் அதே திடலில்தான், உதைபந்தாட்டக்காரரின் நேரத்துக்கு இடையில்தான் ஆட வேண்டும். கோட்டை வெள்ளியன்றே போட்டு வைப்பதற்கு இதுவே காரணம்.

கோடு போட இரண்டு முளை, ஒரு கயிறு, சுண்ணாம்புத் தூள் போதும். கோட்டின் அகலம் 75 மில்லிமீற்றர். கோல் கம்பங்களுக்கு இடையே 3.66 மீற்றர், உயரம் 2.14 மீற்றர். ஒவ்வொரு கம்பத்தையும் மையமாக வைத்து 14.63 மீற்றர் ஆரத்தில் கால்வட்டம் இழுத்து, இரண்டையும் 3.66 மீற்றர் நேர்கோட்டால் இணைத்தால் ஆட்டக்காரர் 'டி' என்று சொல்லும் வட்டம் வந்துவிடும். அதற்கு 5 மீற்றர் வெளியே புள்ளிக்கோடு. கோல் கோட்டின் நடுவிலிருந்து 6.40 மீற்றரில் தண்டப் புள்ளி. பின்கோட்டிலிருந்து 22.90 மீற்றரில் குறுக்குக் கோடு.

இந்த எண்கள் ஒழுங்கற்றவையாகத் தோன்றுவதற்குக் காரணம், அவை மீற்றரில் பிறக்காததுதான். யார் கணக்கில் வகுக்கப்பட்ட அளவுகள் இவை. 100 யார் நீளம், 60 யார் அகலம், 25 யார் குறுக்குக் கோடு, 16 யார் வட்டம், 7 யார் தண்டப் புள்ளி, 4 யார் கோல் என்று எண்ணினால் எல்லாம் முழு எண்ணாகிவிடும். கயிற்றில் 4, 7, 16, 25 யாருக்கு ஒவ்வொரு முடிச்சுப் போட்டுக்கொண்டால் அளவு நாடா தேவையில்லை. சீலைத்துணியை இன்றும் யார் கணக்கில் கேட்கும் ஊர்களில் இந்த முடிச்சுகளை விளங்கப்படுத்துவது சுலபம்.

சனி, காலை

காலை வேலை தரையோடு. கல் பொறுக்குதல், மாட்டுக் குளம்பு பதிந்த குழிகளை மூடுதல், தண்ணீர் தெளித்து உருளை இழுத்தல். உதைபந்து சிறு மேட்டைப் பொருட்படுத்தாது. ஹொக்கிப் பந்து அப்படியல்ல. அதன் எடை 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடையே. நிலத்தோடு ஒட்டி ஓட வேண்டிய அந்தக் கடினமான பந்து ஒரு கூழாங்கல்லில் பட்டாலும் முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். கழக ஆட்டத்தில் காயங்கள் சில மட்டையால் அல்ல, தரையால் வருபவை.

தரைதான் இந்த விளையாட்டின் போக்கையும் மாற்றியது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. தங்கம் நியூசிலாந்துக்குப் போனது. 1928 முதல் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா ஏழாம் இடத்தில் நின்றது. நான்கு ஆண்டுகளின் பின், 1980 மொஸ்கோவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தன் எட்டாவது தங்கத்தை வென்றது. அதன்பின் ஆண்கள் அணி அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைக் காண 2021இல் நடந்த டோக்கியோ ஆட்டம் வரை பொறுக்க வேண்டியிருந்தது.

செயற்கைத் தரையில் பந்து நேராகவும் வேகமாகவும் ஓடும். ஆட்டக்காரர் பந்தின் ஓட்டத்தை முன்கூட்டியே கணிக்கலாம். மண் தரையில் கடைசி நொடிவரை கணிக்க முடியாது. ஆகவே மண்ணில் வளர்ந்தவருக்குக் கை இளகியிருக்கும், மட்டை பந்தோடு ஒட்டியிருக்கும். செயற்கைத் தரையில் வளர்ந்தவருக்கு நீளக் கடத்தலும் வேக ஓட்டமும் கைவரும். சர்வதேசப் போட்டிகளுக்கான தரைக்கு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருப்பதால், தண்ணீர் குறைவாகத் தேவைப்படும் தரைகளை நோக்கி சர்வதேச ஹொக்கிச் சம்மேளனம் நகர்ந்து வருகிறது. ஊர்க் கழகத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதன் தரைக்கு இரண்டு வாளித் தண்ணீரும் ஓர் உருளையும் போதும்.

மண் தரைக் கழகங்களால் என்ன முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டின் கோவில்பட்டி நல்ல உதாரணம். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்தக் கரிசல் ஊர், தெருவுக்குத் தெரு கழகம் வைத்து ஹொக்கி ஆடி வளர்ந்தது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கு நடக்கிறது. செயற்கைத் தரை பின்னால்தான் வந்தது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கு பயிற்சி பெற்ற அரியலூர்க்காரர் கார்த்தி செல்வமும் இருந்தனர். இலங்கையில் இதுபோன்ற ஹொக்கி ஊர் என்று முதலில் சொல்லத்தக்கது மாத்தளை.

சனி, முற்பகல்

வெயில் ஏறியதும் நிழலுக்குள் மட்டைகளைப் பார்க்கும் வேலை. மட்டையின் நீளம் 105 சென்ரிமீற்றரையும் எடை 737 கிராமையும் தாண்டக் கூடாது. 51 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள வளையத்தினூடாக அது முழுதாகப் போய்வர வேண்டும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. பந்தைத் தட்டையான பக்கத்தாலோ மட்டையின் விளிம்பாலோதான் தொடலாம். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. எல்லோரும் ஒரே பக்க மட்டையோடுதான் ஆட வேண்டும்.

இன்றைய மட்டைகளில் கார்பன் இழையும் கண்ணாடி இழையும் கலந்தவை அதிகம். இவற்றுக்கு முன் மல்பெரி மரமே வழக்கம். இந்தியாவின் ஜலந்தரிலும் பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் இருந்தே உலகம் முழுதும் போயின. கழகத்தில் மட்டை தனியாள் சொத்தல்ல. பிடித்துணி சுற்றப்பட்டு, வெடிப்பு ஒட்டப்பட்டு, மூத்தவரிடமிருந்து இளையவருக்குப் போகும். தமிழ்ப் பெற்றோருக்குப் புனேயை அடுத்த கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளை சிறுவயதில் பிறர் எறிந்த உடைந்த மட்டைகளைக் கட்டி ஆடியவர். பின்னர் நான்கு ஒலிம்பிக்கிலும் நான்கு உலகக் கிண்ணத்திலும் ஆடினார்.

செலவு கூடிய பொருள் கோல் காப்பாளரின் உடை: தலைக்கவசம், நெஞ்சுக்காப்பு, கால் பாட், காலணி மேல் உறை, இரு கைக்கும் உறை. ஒரு சோடியை முதல் அணியும் இரண்டாம் அணியும் மாறி மாறி அணிவது கழகங்களின் வழக்கம். அதனால் இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்க முடியாது. வார இறுதி அட்டவணையை அந்த ஒரு சோடி உடைதான் தீர்மானிக்கிறது. மற்றவர்களுக்குக் கீழ்க்கால் காப்பும் பல் காப்பும் போதும். பெனால்டி கோர்னரைத் தடுப்பவர்கள் முகக்கவசம் அணியவும் விதியில் இடமுண்டு.

சனி, மாலை

ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. முதல், மூன்றாம் பகுதிகளின் பின் 2 நிமிட இடைவேளை; நடுவில் 5 நிமிடம். ஆக மொத்தம் 69 நிமிடம். முன்பு 35 நிமிடப் பாதிகள் இரண்டாக 70 நிமிடம் ஆடினார்கள். முல்லைத்தீவுப் பகுதியில் டிசம்பரில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மின்விளக்கில்லாத திடலில் 4.30இற்குப் பின் ஆட்டத்தைத் தொடங்கினால் கடைசிக் கால்பகுதி மங்கலில்தான் நடக்கும்.

களத்தில் அணிக்கு 11 பேர். மாற்று வீரர்கள் எத்தனை முறையும் உள்ளே வெளியே போய்வரலாம். கழகத்துக்கு இந்த விதி பெரிய உதவி: வேலை முடித்துப் பிந்தி வருபவரும், மூச்சு வாங்கும் மூத்தவரும் பத்துப் பத்து நிமிடமாக ஆடிக்கொள்ளலாம். 1990களின் பிற்பகுதியில் ஓஃப்சைட் விதி நீக்கப்பட்டது. 2009 முதல், தவறுக்காகக் கிடைத்த பந்தை அடிப்பவர் தானே தொட்டுக்கொண்டு ஓடலாம். இரண்டுமே ஆட்டத்தை நிற்காமல் ஓட வைத்தன.

நடுவர்கள் இருவர்; ஆளுக்கொரு பாதி. பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் வெளியே. சிவப்பு என்றால் திரும்ப முடியாது. நடுவருக்குக் கூலி கொடுக்க முடியாத கழகங்களில், முதலில் ஆடி முடித்த அணி அடுத்த ஆட்டத்துக்கு நடுவர்களைத் தரும். ஊதலை ஒருமுறை கையில் எடுத்தவர் அடுத்த வாரம் நடுவரோடு வாதாடுவது குறையும் என்பது இதில் கூடுதல் பயன்.

ஆட்டத்தின் உச்சம் பெனால்டி கோர்னர். வட்டத்துக்குள் தடுப்பவர் தவறு செய்தால் இது கிடைக்கும். தடுக்கும் அணியில் கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் பின்கோட்டுக்கு அப்பால் நிற்பர். அந்த அணியின் மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். கம்பத்திலிருந்து 10 மீற்றரில் வைத்த பந்தை ஒருவர் தள்ளுவார். அது வட்டத்துக்கு வெளியே போன பிறகே கோலை நோக்கி அடிக்கலாம். ஓங்கி அடிக்கும் முதல் அடி, கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீற்றருக்கு மேல் எழக்கூடாது. அது கோலின் அடிப்பலகை உயரம். மட்டையால் பந்தை இழுத்துச் சுண்டினால் அந்த உயரத் தடை இல்லை. தொலைக்காட்சியில் காணும் கோர்னர் கோல்களில் பல இழுத்துச் சுண்டியவை. மண் தரையில் பந்து நின்று கொடுக்காது. ஆகவே ஊர்க் கழகங்கள் பந்தைப் பக்கவாட்டில் நகர்த்தி அடிக்கும் உத்திகளைப் பழகுகின்றன.

ஞாயிறு, காலை

ஞாயிறு காலை இளையோருக்கு. 22 பேர் திரளாதபோது முழுத்திடல் ஆட்டம் நடக்காது. திடலைக் குறுக்காகப் பிரித்து ஐவர் ஹொக்கி ஆடலாம். அதற்கு முழுத்திடலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போதும். அணிக்கு ஐந்து பேர், 10 நிமிடப் பாதிகள் இரண்டு. 2014 இளையோர் ஒலிம்பிக்கில் அறிமுகமாகி, 2024 ஜனவரியில் ஓமானின் மஸ்கட்டில் உலகக் கிண்ணம் வரை அது வளர்ந்தது. ஆண், பெண் இரு கிண்ணங்களும் நெதர்லாந்துக்குப் போயின. ஒரே ஊருக்குள் இரண்டு அணி சேர்க்கத் திணறும் கழகங்களுக்கு இந்த வடிவம் பொருத்தமானது. பத்துப் பேர் வந்தால் ஆட்டம் உண்டு.

மறு முனையில் மூத்தோர். மூத்தோர் ஹொக்கி உலக அளவில் 35 வயதில் தொடங்கி, ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக மேலே போகிறது. வயது ஏறினால் களத்தை விட்டு விலக வேண்டும் என்ற எண்ணம் முள்ளியவளையில் எடுபடாது. 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இந்த ஊரைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 72 வயதில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கமும், 800 மீற்றரில் வெண்கலமும் வென்றார்.

ஞாயிறு, மாலை

கடைசி வேலை கணக்கும் நாட்காட்டியும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. வெற்றி தோல்வி தீர்ந்தே ஆக வேண்டிய ஆட்டம் சமநிலையில் முடிந்தால், 23 மீற்றர்க் கோடு என்று அழைக்கப்படும் அந்தக் குறுக்குக் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு ஓடி 8 நொடிக்குள் கோல் காப்பாளரை வெல்ல வேண்டும். பந்து, சுண்ணாம்பு, பயணச் செலவு ஆகியவை அங்கத்தவர் சந்தாவிலிருந்து போகும். அமைப்பாக இயங்க விரும்பும் ஊர்க் கழகம் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். முள்ளியவளைக்கு அது கரைதுறைப்பற்று. நாட்டின் விளையாட்டு அமைப்புகளுக்கான சட்ட அடிப்படை 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம்.

நாட்காட்டியைக் காற்று வகுக்கிறது. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தரை காய்ந்து புழுதி பறக்கும். பந்து வேகமாக ஓடும். ஒக்டோபரில் மாரி பிடித்தால் ஜனவரி வரை வார இறுதிகள் நிச்சயமில்லை. நனைந்த மண்ணில் பந்து புதையும், கோடு கரையும். வைகாசியில் வேறொரு இடைவெளி: முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்பு நீரால் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் விளக்கேற்றி, பின் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கொண்டு செல்வது மரபு. அந்த நாள்களில் ஊரே கோவிலில் இருக்கும். ஆட்டம் குறிப்பதில் பயனில்லை. ஆண்டு அட்டவணை போடுபவர் மாரியையும் பொங்கலையும் முதலில் கழித்துவிட்டு, மிச்ச வாரங்களை உதைபந்தாட்டக்காரரோடு பங்கிட வேண்டும்.

பொருள்கள் எண்ணி உள்ளே வைக்கப்படுகின்றன: பந்துகள், அடிப்பலகைகள், ஒரு சோடி கோல் காப்பாளர் உடை. முடிச்சிட்ட கயிற்றை ஈரத்தோடு சுருட்டி வைக்கக் கூடாது. அதனால் அது மட்டும் வெளியே கொடியில் கிடக்கும்.