மாண்ட்ரியலில் ஒரு தட்டு பூட்டின்

எங்கள் வீட்டில் பிரெஞ்சு பிரைஸ் சாப்பிட ஒரே முறைதான். உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று இருக்க வேண்டும். பக்கத்தில் சில்லி சாஸ் வேண்டும். அதன் மேல் குழம்பை ஊற்றி நனைத்துச் சாப்பிடும் ஊர் ஒன்று இருப்பதாக மகள் தொலைபேசியில் சொன்னபோது, 'பாவம், சோறு கிடைக்காமல் பிள்ளை எதையோ சாப்பிடுகிறாள்' என்றுதான் நினைத்தேன்.

கடந்த பிப்ரவரியில் அவளைப் பார்க்க, கோலாலம்பூரிலிருந்து கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குப் போனேன். குளிர், சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி. பெட்டியில் ஒரு போத்தல் நெத்திலிச் சம்பல். மனத்தில் ஒரு பேச்சு: "படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடு."

முதல் நாள் மாலையே பூட்டின் கடைக்கு அழைத்துப் போனாள். கியூபெக் மக்கள் இதைப் 'புட்சின்' என்கிறார்கள். பொரித்த உருளைக்கிழங்கு, மேலே புதிய செடார் சீஸ் கட்டிகள், அதன் மேல் சுடச்சுடப் பழுப்பு நிறக் கிரேவி. 1957இல் பெர்னான் லஷான்ஸ் என்பவரின் கடையில், வாடிக்கையாளர் ஒருவர் பிரைஸையும் சீஸையும் ஒன்றாகக் கேட்டதில் பிறந்தது என்கிறது வார்விக் என்ற சிற்றூர். கிரேவியும் சேர்த்து 1964இல் விற்றவர் எங்கள் ஜான்-போல் ருவா என்கிறது டிரம்மண்ட்வில். சிக்கன் ரைஸ் யாருடையது என்று நாமும் சிங்கப்பூரும் மல்லுக்கட்டுகிறோமே, அது போலத்தான்.

மேலே என்ன போடுவது என்பதிலும் ஆளுக்கொரு கட்சி. கோழியும் பச்சைப் பட்டாணியும் போட்டால் 'கல்வோட்'. தக்காளி இறைச்சிச் சாஸ் ஊற்றினால் 'இத்தாலியன்'. காளான், வதக்கிய வெங்காயம், பட்டர் சிக்கன்கூட உண்டு. 1968இல் தொடங்கிய லா பான்கீஸ் உணவகத்தில் ஏறத்தாழ 30 வகை இருக்கின்றன. எதையும் சேர்க்காத மூன்றே பொருள் பூட்டின்தான் அசல் என்பது பழைமைவாதிகள் கட்சி. என் மகள் அந்தக் கட்சி.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கிரேவியில் பெரும்பாலும் கோழிச் சாற்றுடன் மாட்டிறைச்சிச் சாறும் கலந்திருக்கும். நான் கவலையோடு வாய் திறப்பதற்குள், மகள் பிரெஞ்சு மொழியில் கடைக்காரப் பெண்ணிடம் விசாரித்து, காய்கறிக் கிரேவியாக மாற்றச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணும் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வீட்டில் நான் சொல்லிக் கொடுத்ததை, எனக்குத் தெரியாத மொழியில் கேட்கத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

கைப்பையிலிருந்து சம்பலை எடுத்தேன். "ம்மா, முதல்ல அப்படியே சாப்பிட்டுப் பாருங்க" என்று தடுத்தாள்.

சீஸைக் கடித்ததும் பல்லிடுக்கில் 'கீச்' என்று ஒரு சத்தம்! அன்று செய்த சீஸ் என்பதற்கு அதுதான் அடையாளமாம். ஓரிரு நாளில் அந்தச் சத்தம் போய்விடும். சூட்டில் சீஸ் உருகி ஓடாமல் நெகிழ மட்டும் செய்திருந்தது. அடியில் இருந்த கிழங்கு ஊறியும், ஓரத்தில் இருந்தது மொறுமொறுப்பாகவும் இருந்தது. அந்தக் குளிருக்கு அது உணவு மட்டுமல்ல, போர்வை.

பாதித் தட்டு காலியானதும் மகளே போத்தலைத் திறந்து ஒரு கரண்டி சம்பலைப் போட்டாள். "இப்ப போடலாம். ஆனா இங்க யாரிடமும் சொல்லிடாதீங்க!" சம்பல் பூட்டின், சொல்லக் கூடாது, மிக நன்றாக இருந்தது.

கியூபெக் போகிறவர்கள் பூட்டினைத் தவறவிடாதீர்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கிரேவி எதில் செய்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெந்நீர் போல ஆறிவிடும். படம் எடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் இருந்தேன். கொண்டுபோன பேச்சைப் பேசவில்லை. மீதிச் சம்பலை அவள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். தீர்ந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.