சும்மா இருக்க ஒரு ஊர்!

லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று சொன்னால்தான் ஆபீஸில் மரியாதை. ‘மணப்பாடு’ என்றேன். “மணப்பாறையா? முறுக்கு எங்கேப்பா?” என்றார் பக்கத்து சீட்காரர்!

மணப்பாடு இருப்பது திருச்செந்தூருக்குத் தெற்கே. சென்னைவாசிகளுக்கு செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தங்குவதற்கும் திருச்செந்தூர்தான் சௌகரியம். முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறினால், குலசேகரன்பட்டினம் தாண்டி, பனைமரங்கள் விலகி... சட்டென்று கடல்!

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு சந்தேகம் வரும். மீனவ கிராமம் என்றார்களே, இதென்ன பங்களா பங்களாவாக நிற்கிறது? அந்தக் காலத்தில் கொழும்பில் வியாபாரம் பண்ணியவர்கள் கட்டிய வீடுகளாம்.

ஊர்க் கோடியில் ஒரு மணல் மேடு கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உச்சியில், 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். புயலில் தப்பிப் பிழைத்த போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் ஒருவர், உடைந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊர்க்கதை. மேட்டின் கடல் பக்கம் ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கி ஜெபித்த இடம் என்கிறார்கள். செல்போனை அணைத்துவிட்டு அங்கே பத்து நிமிஷம் உட்காருங்கள். அலைச் சத்தம்... அவ்வளவுதான்.

செப்டம்பர் 14 திருவிழா சமயம் கூட்டம் அள்ளும். மற்ற நாளில் பார்ப்பதற்கு ‘ஸ்பாட்’ என்று லிஸ்ட் கிடையாது. அலைச்சறுக்குப் பலகையோடு வரும் பையன்களை வேடிக்கை பார்க்கலாம். கருமேனி ஆறு கடலைத் தொடும் இடத்தில் உப்பங்கழி ஓரமாக நடக்கலாம். நம்மைக் கண்டால் கொக்குகூட அவசரப்படுவதில்லை.

மீன் ஆசை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். இந்தக் கரையில் அன்றைக்குப் படகுக்கும் லீவு! மற்ற நாள் காலையில் வள்ளங்கள் கரையேறும்போது நில்லுங்கள். நம்ம ஊர் வஞ்சரத்துக்கு இங்கே பெயர் சீலா.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “எத்தனை மணிக்குக் கடலுக்குப் போவீங்க அண்ணாச்சி?” என்றேன்.

“மணி என்ன மணி? காத்து சொன்னா போவோம் தம்பி.”

பேச்சு ராக்கெட் பக்கம் போனது. பக்கத்து குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வரும். சுற்றி வளைத்துப் போக எரிபொருள் தண்டம். இங்கிருந்து விட்டால், நேர் தெற்கே வெறும் கடல். சின்ன ராக்கெட்டுகளுக்கு நல்ல லாபம். பேப்பரில் படித்ததை அப்படியே ஒப்பித்துவிட்டு, “பெருமையா இல்லையா அண்ணாச்சி?” என்றேன்.

“பெருமைதான். ஆனா அந்த வெறுங்கடல்லதான தம்பி நாங்க வலை போடுதோம்? ராக்கெட்டு விடுத அன்னைக்குப் போவாதம்பான். வருஷத்துக்கு எத்தனை நாளுன்னு சொல்லணும்லா?”

ராக்கெட் கிளம்பும் நாளில் கரையில் உட்காருவது, ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய பழவேற்காடு மீனவர்களுக்குப் பழகிப்போன கதை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரே வலையை உதறிவிட்டுச் சிரித்தார். “சரி, அத விடுங்க. காலைல வாறியளா? சாளை படும்.”