குற்றாலம் போலாமா?

"இந்த வருஷம் விட்டா என் முட்டி விடாதுடா" என்கிறார் அம்மா. அவருக்குக் குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டே ஆகணும். தீபாவளி லீவுல போலாம்னு தம்பி. கடலூர்க்காரன் புத்தி! நமக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகை. குற்றால சீசனோ தென்மேற்குப் பருவமழையை நம்பியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மஞ்சக்குப்பம் வெயிலில் காயும்போது அங்கே சாரல். ஐப்பசியிலும் தண்ணீர் வரும்தான், ஆனா வெள்ளமா வந்தா குளிக்கத் தடை. தடை நல்லதுக்குத்தாங்க: 2024 மே 17-ல் கோடை மழையிலேயே பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையனை அடிச்சுட்டுப் போயிடுச்சு.

ஆகவே ஆடி. விழுப்புரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில் தென்காசி. மூணு டிக்கெட் போட்டாச்சு, அம்மாவுக்கு லோயர் பெர்த். தம்பி பார்டர் பரோட்டாவில் சமாதானம்.