பாட்டியின் உப்புக் கஞ்சி

"தண்ணி குடுத்தா இன்னும் போகுமேன்னு நிறுத்திட்டேன் டீச்சர்" என்றார், வயிற்றுப்போக்கால் சோர்ந்திருந்த என் மாணவனின் தாய். பையனின் உதடுகள் காய்ந்திருந்தன. உடனே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லச் சொன்னேன்.

பெற்றோரே, காலராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நஞ்சு குடல் உயிரணுச் சவ்விலுள்ள குளோரைடு வாயில்களைத் திறந்துவிடுகிறது. அயனிகளின் பின்னே நீரும் வெளியேறுகிறது. ஆயினும் சோடியமும் குளுக்கோசும் இணைந்து உள்ளே நுழையும் வழி கெடுவதில்லை. அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் திரும்புகிறது. 1971இல் மேற்கு வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே, 30 விழுக்காடு வரை இருந்த இறப்பை 3.6 விழுக்காட்டிற்குக் குறைத்தார்.

நியாலாஸ் தோட்டத்தில் என் பாட்டி உப்புக் கஞ்சிதான் தருவார். கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோசாகிறது. பயிற்சிக் கழகத்தில் படித்த செருக்கில் அதை நான் கேலி செய்ததுண்டு. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியை ஆற்றித் தந்தார்.